பள்ளியும் ஏடும்: ஜவ்வாதுமலை அடிவாரத்தில் ஒரு வரலாற்றுத் தேடல்

தமிழ் முஸ்லிம்களின் நாவில் நாள்தோறும் ஐவேளையும் புழங்கும் சொல் ‘பள்ளி’. பள்ளிவாசல், ஜும்ஆப் பள்ளி, குர்ஆன் பள்ளி, பள்ளிக்கூடம் எனத் தொழுமிடத்தையும் ஓதுமிடத்தையும் ஒரே சொல்லால் குறிக்கின்றோம். அரபு மொழியில் மஸ்ஜித் வேறு, மத்ரஸா வேறு. தமிழில் இரண்டும் பள்ளியே. இந்தச் சொல் நம்மிடம் வந்து சேர்ந்த வழி நெடியது. அவ்வழியின் ஒரு பகுதி ஜவ்வாதுமலையின் அடிவாரக் குன்றுகளில் இன்றும் கண்ணால் காணக்கூடியதாக இருக்கின்றது.

பள்ளி என்றால் முதலில் படுக்கை. துறவு பூண்ட சமண முனிவர்கள் மலைக் குகைகளில் தங்கினர். அவர்களுக்காகக் கல்லில் படுக்கைகள் வெட்டித் தரப்பட்டன. திருக்கோவலூர் வட்டாரத்து ஜம்பை என்னும் ஊரில் 1981-ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட தமிழ்-பிராமிக் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சி ஒரு ‘பாளி’யை ஈந்ததைத் தெரிவிக்கின்றது. ஔவையாரின் நண்பனாகச் சங்கப் பாடல்களில் நாம் அறிந்த அதே பெயர். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்தப் ‘பாளி’யே பின்னர் ‘பள்ளி’ என வழங்கலாயிற்று. முனிவர் உறைந்த இடத்தில் மாணவர் கூடினர். மாணவர் கூடிய இடத்தில் பாடம் நடந்தது. படுக்கையைக் குறித்த சொல் கல்விச்சாலையைக் குறிக்கத் தொடங்கியது இவ்வாறுதான்.

சமணப் பள்ளிகளுக்கு அரசர்கள் அளித்த இறையிலி நிலம் ‘பள்ளிச்சந்தம்’ எனப்பட்டது. நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரமான சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தை அளித்த செய்தியைக் கூறும் லெய்டன் செப்பேடும் அவ்விகாரத்தைப் பள்ளி என்றே குறிக்கின்றது. 13-ஆம் நூற்றாண்டைச் சார்ந்த பாண்டியர் காலத்துத் திருப்புல்லாணிக் கல்வெட்டொன்று, பவித்திரமாணிக்கப்பட்டினத்தில் இருந்த ‘சோனகச் சாமந்தப் பள்ளி’க்கு அளிக்கப்பட்ட கொடையைப் பேசுகின்றது. சோனகர் என்பது முஸ்லிம்களைச் சுட்டும் பழைய பெயர் என்பதை வாசகர்கள் அறிவர். ஆக, சமணருக்கும் பௌத்தருக்கும் வழங்கிய அதே சொல்லும் அதே கொடை முறையும் முஸ்லிம்களுக்கும் உரியவாயின. தொழுகை, நோன்பு, மறை என்னும் நம் மார்க்கச் சொற்கள் தமிழிலேயே அமைந்ததைப் போலப் பள்ளியும் அமைந்தது. முன்பிருந்தோரின் சொல்லை நாம் தயக்கமின்றி ஏற்றோம். அச்சொல்லோடு சேர்ந்து வந்த கடமை யாது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

மலையும் அதன் சுற்றமும்

கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஓர் அங்கமான ஜவ்வாதுமலை ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளமும் 32 கிலோமீட்டர் அகலமும் கொண்டது. வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை ஆகிய மூன்று மாவட்டங்களில் அது பரந்து கிடக்கின்றது. சங்க நூலாகிய மலைபடுகடாம் பாடும் சேயாறு, இன்றைய செய்யாறு, இம்மலைப் பகுதியிலிருந்து இறங்கிப் பாலாற்றை நாடிச் செல்கின்றது. மலையாளிகள் என்னும் பழங்குடியினர் வாழும் சிற்றூர்கள் உச்சியில் இருக்கின்றன. காவலூரில் வானாய்வு நிலையம் இருக்கின்றது. சுற்றுலா வருவோர் பெரும்பாலும் ஜமுனாமரத்தூர் வரை சென்று அருவியைக் கண்டு திரும்பிவிடுகின்றனர். மலையின் வரலாறோ அதன் விளிம்புகளில் எழுதப்பட்டிருக்கின்றது.

இந்த விளிம்பு நமக்கு அந்நியமானதன்று. வேலூரில் ஹஸ்ரத் மக்கானைச் சார்ந்த தாருல் உலூம் லத்தீபிய்யாவும், ஷாஹ் அப்துல் வஹ்ஹாப் ஹஸ்ரத் (ரஹ்) அவர்கள் நிறுவிய பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தும் இருக்கின்றன. ஆம்பூரை அடுத்த உமராபாத்தில் 1924-ஆம் ஆண்டு தோன்றிய ஜாமிஆ தாருஸ்ஸலாம் இருக்கின்றது. வாணியம்பாடியில் 1919-ஆம் ஆண்டு தோன்றிய இஸ்லாமியாக் கல்லூரி இருக்கின்றது. தென்னகத்து ஆலிம்களில் பலர் இந்த மலைகளைப் பார்த்துக்கொண்டே பாடம் ஓதியவர்கள். ஆயினும் தாம் ஓதிய ஊருக்கு அருகே, தமக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னே வேறொரு மாணவர் கூட்டம் ஓதிக்கொண்டிருந்தது என்பதை அவர்களுள் அறிந்திருந்தோர் எத்தனை பேர்?

ஆம்பூருக்கு அண்மையில் மலையாம்பட்டு என்னும் சிற்றூரின் மேலுள்ள ஆர்மாமலைக் குகை இதற்கு ஒரு சான்று. இயற்கையாக அமைந்த பெருங்குகைக்குள் களிமண் செங்கற்களால் சுவரெழுப்பிச் சமணர்கள் அறைகள் அமைத்திருந்தனர். குகையின் விதானத்தில் 8-ஆம் நூற்றாண்டை ஒட்டிய வண்ண ஓவியங்கள் எஞ்சியிருக்கின்றன. தாமரைக் குளமும் கொடிகளும் எண்திசைக் காவலரும் அங்கே தீட்டப்பட்டுள்ளன. புதுக்கோட்டைச் சித்தன்னவாசல் ஓவியங்களோடு ஒப்பிட்டுப் பேசத்தக்கவை அவை. பெரும்பகுதி உதிர்ந்துவிட்டது. எஞ்சியது மழைக்கும் புகைக்கும் மனிதக் கைகளுக்கும் தப்பியது.

திருமலை

மலைத்தொடரின் கிழக்கே, போளூருக்கும் ஆரணிக்கும் இடைப்பட்ட வயல்வெளியில், வடமாதிமங்கலத்தை அடுத்துத் திருமலை என்னும் சிற்றூர் இருக்கின்றது. வேங்கடத்தை நினைவூட்டும் பெயராயினும் இது சமணத் திருமலை. கல்வெட்டுகள் இவ்வூரை வைகாவூர் என்கின்றன. மலையை எண்குணவிறை திருமலை என்கின்றன. எண்குணங்கள் உடைய இறைவன் என்பது அருகனைக் குறிப்பது.

நாம் அங்குச் சென்றது வெயில் தணியாத ஒரு பகற்பொழுது. சுற்றுலாத் தலங்களுக்குரிய ஆரவாரம் ஏதும் அங்கில்லை. அடிவாரத்தில் கோபுரமும் கோயில்களும் இருக்கின்றன. அவற்றின் பின்னே பாறையோடு பாறையாக, அடுக்கடுக்காகக் கட்டப்பட்ட குகை அறைகள் இருக்கின்றன. அவற்றின் குறுகிய படிகளில் குனிந்துதான் ஏற முடிகின்றது. உட்சுவர்களிலும் விதானத்திலும் வெவ்வேறு காலத்து ஓவியங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. தீர்த்தங்கரர் அறமுரைக்கும் சமவசரண மண்டபம் வட்டமாக வரையப்பட்டுள்ளது. பாகுபலி, பார்சுவநாதர் முதலியோரின் புடைப்புச் சிற்பங்களும் உள்ளன. வெளியே வந்து படியேறினால், பாறை முகத்தில் நின்ற கோலத்தில் செதுக்கப்பட்ட நேமிநாதரின் பேருருவம் எதிர்ப்படுகின்றது. சிகாமணிநாதர் என்று வழங்கும் இவ்வுருவம் ஏறத்தாழ 16 மீட்டர் உயரமுடையது. தமிழகத்துச் சமண உருவங்களில் மிக உயரமானது இதுவே என்பர். உருவ வழிபாடு நம் கொள்கைக்கு உடன்பாடானதன்று. ஒரு சமுதாயம் தன் முன்னோரின் நினைவை எத்துணைப் பொறுமையோடு கல்லில் பதித்தது என்பதை வரலாற்று மாணவர்களாக நாம் மதிக்கலாம். மேலே நின்று மேற்கே நோக்கினால் ஜவ்வாதுமலை நீலக்கோடாகத் தெரிகின்றது. கிழக்கே ஏரிகளும் நெல்வயல்களும் தெரிகின்றன.

அடிவாரத்துக் கோயிலின் பழம்பெயர் குந்தவை ஜினாலயம். இராசராசனின் தமக்கை குந்தவையின் பெயரால் அமைந்தது. இதே குந்தவை தாதாபுரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் சமணத்துக்குமாக மூன்று கோயில்கள் எடுத்தாள் என்பதையும் இங்கு இணைத்து நோக்கவேண்டும். கி.பி. 1025-ஐ ஒட்டிய முதலாம் இராசேந்திரனின் கல்வெட்டு திருமலைப் பாறையில் உள்ளது. ஈழம் முதல் வங்காளமும் கங்கையும் வரை அவன் பெற்ற வெற்றிகளை வரிசையாகக் கூறும் அந்தக் கல்வெட்டு, தென்னிந்திய வரலாற்றாசிரியர் எவரும் ஒதுக்கமுடியாத ஆவணம். ஜெர்மானிய அறிஞர் ஹுல்ட்ஷ் 1890-ஆம் ஆண்டு வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் திருமலைக் கல்வெட்டுகளுக்கு இடமளித்தார். இத்துணைப் பெரிய அரசியல் செய்தி எதற்காக இங்கே வெட்டப்பட்டது? சாமுண்டப்பை என்னும் வணிகர் மனைவி ஒருத்தி, குந்தவை ஜினாலயத்தில் விளக்கெரிக்கவும் படையலிடவும் பொருள் வைத்ததைப் பதிவு செய்வதற்காகவே. கங்கைவரை சென்ற பேரரசனின் மெய்க்கீர்த்தி ஒரு பெண்ணின் சிறு கொடைக்கு முன்னுரையாக நிற்கின்றது.

நம்மை வெகுநேரம் நிறுத்தியவை வேறிரண்டு கல்வெட்டுகளின் செய்திகள். ஒன்று இராசராசனின் 21-ஆம் ஆட்சியாண்டைச் சார்ந்தது. குணவீர மாமுனிவர் என்னும் சமணத் துறவி, கணிசேகர மருபொற்சூரியன் என்பவரின் பெயரால் இங்கு ஒரு மதகு அமைத்தார் என்பது அதன் செய்தி. உடைமை ஏதுமற்ற துறவி உழவருக்கு நீர் பாயும் வழியமைத்தார். பிற்காலத்தைச் சார்ந்த மற்றொன்று, அதியர் மரபில் வந்த விடுகாதழகிய பெருமாள், தன் முன்னோனாகிய எழினி அமைத்து வைத்த இயக்கன், இயக்கி உருவங்கள் பழுதுற்றிருந்ததைக் கண்டு அவற்றைச் செப்பனிட்டதைக் கூறுகின்றது. அவனும் மணியொன்றை அளித்ததோடு நீர்க்கால் ஒன்றையும் அமைத்தான். ஜம்பையில் பாளி ஈந்த அதியனின் வழிவந்தோர் பல நூற்றாண்டுகள் கழித்தும் பள்ளியைப் பேணும் பொறுப்பைத் தம் குலக்கடனாகக் கருதினர் என்பது இதனால் விளங்கும்.

நம் வக்ஃபு மரபை அறிந்தவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. பள்ளிக்கு நிலம், நிலத்துக்கு நீர், நீரால் விளைச்சல், விளைச்சலால் ஓதுவோருக்கு உணவு. மதகு உடைந்தால் பாடம் நின்றுவிடும் என்பதை இவர்கள் உணர்ந்திருந்தனர்.

மாணவியர் ஐந்நூற்றுவர்

திருமலைக்குக் கிழக்கே வந்தவாசியை அடுத்து வேடால் என்னும் ஊர் இருக்கின்றது. 9-ஆம் நூற்றாண்டின் இறுதியில், முதலாம் ஆதித்த சோழனின் 14-ஆம் ஆட்சியாண்டில், விடால் என்று வழங்கிய அவ்வூர்ப் பள்ளியில் கனகவீரக் குரத்தியார் என்னும் பெண் துறவி ஆசிரியையாக இருந்தார். குரத்தி என்பது குரவர் என்பதன் பெண்பால். அவரிடம் பயின்ற மாணவியர் 500 பேர். அங்கு ஏற்பட்ட பூசலொன்றை அடுத்து, அம்மாணவியருக்கும் ஆசிரியைக்கும் பாதுகாப்பும் உணவும் அளிப்பதாக உள்ளூர் மக்கள் உறுதி கூறியதைக் கல்வெட்டு பதிந்துள்ளது.

பெண் கல்வியைப் புதுமையாகக் கருதுவோருக்கு இக்கல்வெட்டு ஒரு விடை. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பெண்களுக்கெனத் தனித் தைக்காக்களும் மத்ரஸாக்களும் நடத்திய மரபுடைய நாம் அதைப் படிக்கும்போது அந்நியமாக உணர்வதில்லை. எண்ணிப் பார்க்கவேண்டியது வேறொன்று. 500 மாணவியர் பயின்ற இடத்தில் எத்தனை ஏடுகள் இருந்திருக்க வேண்டும்! கொடுத்தவரின் பெயர் கல்லில் நின்றது. படித்த ஏடு ஒன்றுகூட அங்கு இல்லை.

ஏடுகள் எங்கே?

வரலாற்றுச் சிறப்புடைய மடத்தைக் காணச் செல்பவர் அதன் நூல்நிலையத்தையும் காண விரும்புவது இயல்பு. திருமலையில் இன்றுள்ள அரகந்தகிரி சமண மடம் 1998-ஆம் ஆண்டு தோன்றியது. தவளகீர்த்தி பட்டாரகர் தலைமையில் அமைந்த அம்மடம், பழைய பள்ளியின் நினைவுக்கு மீண்டும் உயிரூட்டும் முயற்சி. தமிழ்ச் சமணரின் தொன்மையான தலைமை மடமோ செஞ்சியை அடுத்த மேல்சித்தாமூரில் இருக்கின்றது. ஜினகாஞ்சி மடம் என வழங்கும் அது, காஞ்சித் திருப்பருத்திக்குன்றத்து மரபின் தொடர்ச்சி. ஓலைச்சுவடிகளைப் பேணிவந்த மடம் என்று அறிஞர் அறிந்தது அது.

ஓலைச்சுவடியின் இயல்பை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் ஓர் ஓலை இருநூறு, முந்நூறு ஆண்டுகள் நின்றால் அது பெரிது. கறையானும் இராமபாணப் பூச்சியும் அதற்குள்ளேயே தம் வேலையைத் தொடங்கிவிடும். ஆகவே ஆயிரம் ஆண்டுப் பழமையுள்ள நூல் இன்று நம் கையில் இருக்கின்றது என்றால், அதை நான்கைந்து தலைமுறைகளேனும் யாரோ அமர்ந்து மீண்டும் மீண்டும் படியெடுத்தனர் என்று பொருள். ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் தொடராகிய இஸ்னாதை நாம் எண்ணிப் பார்ப்பது போல, ஒவ்வொரு பழந்தமிழ் நூலுக்கும் எழுத்தாணி பிடித்தோரின் தொடர் ஒன்று உண்டு. அத்தொடரில் ஒரு கண்ணி அறுந்தாலும் நூல் மறைந்துவிடும்.

சமணர்கள் இத்தொடரை அறமாகவே வகுத்துக்கொண்டனர். உணவு, அடைக்கலம், மருந்து, சாத்திரம் என்னும் நான்கையும் வழங்குதல் அவர்தம் நால்வகைத் தானம். நூலைப் படியெடுத்துத் தக்கவர்க்கு அளிப்பது பசித்தவனுக்குச் சோறிடுவதற்கு இணையான நற்செயல். மனிதன் இறந்தபின்னும் தொடரும் மூன்று நன்மைகளில் பயனுள்ள கல்வியும் ஒன்று என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்ததை நினைவுகூரும் நமக்கு இந்த எண்ணத்தின் உயர்வு எளிதில் விளங்கும்.

இந்த அறத்தின் பயனைத் தமிழுலகம் கண்டது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில். உ.வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தார். சேலம் இராமசாமி முதலியார் 1880-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் அவரைச் சந்தித்துச் சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவியது அனைவரும் அறிந்த செய்தி. ஏடு கிடைத்தது, பொருள் விளங்கவில்லை. நச்சினார்க்கினியரின் உரையிருந்தும் சமணக் கோட்பாடுகள் பிடிபடவில்லை. அப்போது அவருக்கு வழிகாட்டியவர்கள் கும்பகோணத்துச் சமணக் குடும்பத்தினர். அவர்கள் வீட்டில் சிந்தாமணி காட்சிப் பொருளாக இருக்கவில்லை. முறையாகப் பாடம் கேட்டு ஓதப்படும் நூலாக இருந்தது. 1887-ஆம் ஆண்டு சிந்தாமணி அச்சேறியது. ஏட்டைக் காத்தது மடத்துப் பேழை என்றால், ஏட்டின் பொருளைக் காத்தது வீட்டுத் திண்ணை.

மறுபக்கமும் உண்டு. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான வளையாபதியின் சுவடியைத் தம் இளமையில் திருவாவடுதுறை மடத்து நூல்நிலையத்தில் கண்டதாகச் சாமிநாதையர் எழுதியுள்ளார். அதன் அருமை தெரிந்து பின்னாளில் தேடியபோது அது அங்கில்லை. இன்று வளையாபதி எனக் கிடைப்பவை பிற நூல்களில் எடுத்தாளப்பட்ட சில பாடல்களே. கரிவலம்வந்தநல்லூரில் வரகுணபாண்டியர் தொகுத்து வைத்த ஏடுகளைத் தேடிச் சென்றபோதோ, பழுதுற்ற ஏடுகளை நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இட்டுவிட்டதாகக் கோயிலார் கூறினர். அதைச் செய்தவர்கள் நூலை வெறுத்தவர்கள் அல்லர். புனிதமானது குப்பையில் சேரக்கூடாது என்னும் பக்தியால் செய்தவர்கள். பக்தி இருந்தது. படிக்கத் தெரிந்தவர் அங்கே இல்லை.

நம் வீட்டு ஏடுகள்

இவ்விடத்தில் நம் பக்கம் திரும்புவது கடமையாகின்றது. சிந்தாமணி நமக்குப் புறம்பான நூலன்று. விருத்தப்பாவால் பெருங்காப்பியம் பாடும் வழியை அதுவே திறந்துவிட்டது. கம்பர் அவ்வழியில் நடந்தார். 17-ஆம் நூற்றாண்டில் சீதக்காதி வள்ளலின் ஆதரவு பெற்ற உமறுப்புலவரும் அவ்வழியிலேயே நடந்து, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றை 5027 விருத்தங்களில் சீறாப்புராணமாகத் தந்தார். மக்கா நகரைப் பாடும்போதும் தமிழ்க் காப்பிய மரபின் நாட்டுப்படலமும் நகரப்படலமும் அவர் கைக்கு உதவின. நன்னூல் எழுதிய பவணந்தியாரும், யாப்பருங்கலம் செய்த அமிதசாகரரும், நேமிநாதம் செய்த குணவீர பண்டிதரும் சமணர்கள். இவர்களின் இலக்கணம் கற்றே நம் புலவர்கள் முனாஜாத்தும் கிஸ்ஸாவும் படைப்போரும் மஸ்அலாவும் பாடினர்.

சீறாப்புராணத்தின் ஏடுகளைத் தேடித் திருத்தி 1842-ஆம் ஆண்டு அச்சேற்றியவர் புலவர் நாயகம் செய்கப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் அவர்கள். சிந்தாமணி அச்சேறுவதற்கு 45 ஆண்டுகளுக்கு முன்பு இது நிகழ்ந்தது என்பது நம் கவனத்துக்குரியது. அவர் பெயரிலுள்ள ‘நயினார்’ என்னும் சொல்லே தமிழ்ச் சமணரின் குடிப்பட்டம் என்பதும் கருதத்தக்கது. தலைவன் என்னும் பொருளுடைய அச்சொல்லைத் திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டத்து உழவர்களாகிய சமணர்களும், கடற்கரை ஊர்களின் முஸ்லிம் குடும்பங்களும் ஒருங்கே தாங்கி நிற்கின்றனர்.

எழுத்து முறையிலும் இணைமை உண்டு. சமணர்களின் ஸ்ரீபுராணம் வடமொழிச் சொற்களைக் கிரந்த எழுத்திலும் தமிழைத் தமிழெழுத்திலும் கலந்தெழுதிய மணிப்பிரவாள நூல். நம் முன்னோர் தமிழை அரபெழுத்தில் எழுதி அரபுத்தமிழை வளர்த்தனர். இமாமுல் அரூஸ் (ரஹ்) அவர்கள் (1816-1898) கீழக்கரை அரூஸிய்யா மத்ரஸாவை மையமாகக் கொண்டு இத்துறையில் ஆற்றிய பணி பேரளவினது. வேலூரில் 18-ஆம் நூற்றாண்டில் குர்பீ (ரஹ்) அவர்களும், அவர்களிடம் பயின்ற பாக்கிர் ஆகாஹ் (1745-1806) அவர்களும் பாரசீகத்திலும் அரபியிலும் தக்கனி உருதுவிலும் எழுதினர். அந்த ஞான மரபின் வாரிசாகவே லத்தீபிய்யா இன்றும் நிற்கின்றது. ம.மு. உவைஸ் போன்ற அறிஞர்கள் தம் வாழ்நாளைச் செலவிட்டு இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தின் பரப்பை உலகுக்குக் காட்டினர்.

இத்தனை இருந்தும் நம் பழைய வீடுகளின் பரண்களில் என்ன நடக்கின்றது? பழுதடைந்த குர்ஆன் பிரதிகளையும் மார்க்க நூல்களையும் காலடியில் படாதவாறு மண்ணில் புதைப்பதும், கிணற்றிலோ கடலிலோ இடுவதும் நம்மிடையே உள்ள வழக்கம். அச்சிட்ட முஸ்ஹஃபைப் பொறுத்தவரை அது கண்ணியமான முறை. அரபெழுத்தில் எழுதப்பட்டதெல்லாம் குர்ஆனே என எண்ணிய இளந்தலைமுறை, பாட்டனாரின் பேழையிலிருந்த அரபுத்தமிழ்க் கையெழுத்துப் பிரதிகளையும் அவ்வாறே வழியனுப்பியபோதுதான் இழப்பு நேர்ந்தது. அவற்றுள் மருத்துவக் குறிப்பு இருந்திருக்கலாம். கப்பற் கணக்கு இருந்திருக்கலாம். ஒரு பெண் தன் மகளுக்கு எழுதிய தாலாட்டு இருந்திருக்கலாம். கரிவலம்வந்தநல்லூரில் தீ செய்ததை நம் ஊர்களில் தண்ணீர் செய்தது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: மரியாதை எஞ்சி நிற்க, வாசிப்பு முதலில் மறைந்துவிட்டது.

மடங்களைக் காக்கச் சொன்ன மார்க்கம்

பிற சமயத்தாரின் மடத்தையும் நூலையும் பற்றி நாம் ஏன் கவலைகொள்ள வேண்டும் என்று கேட்போர் இருக்கலாம். சூரத்துல் ஹஜ்ஜின் 40-ஆம் வசனம் அவர்களுக்கு விடையாக இருக்கின்றது. மனிதர்களுள் சிலரைச் சிலரைக் கொண்டு அல்லாஹ் தடுத்திராவிடின் அழிக்கப்பட்டிருக்கும் இடங்களை எண்ணும் அத்திருவசனம், மஸ்ஜிதுகளைச் சொல்வதற்கு முன்னர் துறவியரின் மடங்களையும் கிறித்தவ, யூத ஆலயங்களையும் பெயர் சுட்டிச் சொல்கின்றது. அதில் வரும் ‘ஸவாமிஉ’ என்னும் சொல் துறவியர் உறைவிடங்களைக் குறிப்பது. நம் பழந்தமிழில் அதைப் பள்ளிகள் என்று பெயர்த்தால் பொருந்தும்.

முஸ்லிம் உலகின் நடுவே இதற்கு வாழும் எடுத்துக்காட்டு சினாய் மலையடிவாரத்துப் புனித கேத்தரின் மடம். 6-ஆம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் மன்னன் எழுப்பிய அம்மடம் இஸ்லாமிய ஆட்சிகள் பலவற்றின் கீழும் அழியாமல் நின்றது. மடத்துச் சுவருக்குள்ளேயே பாத்திமியர் காலத்துப் பள்ளிவாசல் ஒன்றும் உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தமக்குப் பாதுகாப்பு முறி அளித்தார்கள் என்பது அம்மடத்தாரின் நீண்டகால மரபு. அம்முறியின் வரலாற்று உண்மை குறித்து ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் அடுத்தடுத்து வந்த முஸ்லிம் ஆட்சியாளர்கள் அதை மதித்து நடந்தனர் என்பதே இங்கு முக்கியம். அம்மடத்து நூல்நிலையத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகள் உள்ளன. அவற்றுள் அரபுப் பிரதிகள் பல நூறு. 1975-ஆம் ஆண்டு மதிலோரத்து அறையொன்று திறக்கப்பட்டபோது, மறந்துபோன சுவடிகள் பெருந்தொகையாக வெளிப்பட்டன. அங்குள்ளோர் அவற்றைக் குப்பையென ஒதுக்கவில்லை. ஏட்டின் மதிப்பை அறிந்தோர் இருந்ததால், மறதியிலிருந்து அறிவுலகுக்கு அவை மீண்டன.

செய்யவேண்டியது

திருமலையின் பாறை எழுத்துகளை அரசின் தொல்லியல் துறையும் அறிஞர்களும் காத்துத் தருவர். வீட்டுப் பேழைகளை அவ்வாறு வேறொருவர் வந்து காக்கமாட்டார். ஒவ்வொரு மஹல்லாவிலும் ஓதத் தெரிந்த ஓர் ஆலிமும் தமிழறிந்த ஓர் ஆசிரியரும் இணைந்தால் போதும். எந்தக் கையெழுத்துப் பிரதியும் அவர்கள் கண்ணில் படாமல் புதைக்கவோ நீரில் இடவோ கூடாது என ஜமாஅத் முடிவெடுக்கலாம். நூலின் தொடக்கமும் முடிவும் எவை, எழுதியவர் யார், படியெடுத்தவர் யார், முடிவில் குறித்த ஹிஜ்ரி ஆண்டு எது என்னும் நான்கு செய்திகளைப் பதிந்து, பக்கங்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். பிரதியின் உடைமை குடும்பத்திடமே இருக்கட்டும். அதிலுள்ள அறிவு அனைவர்க்கும் ஆகட்டும். 1869-ஆம் ஆண்டு தோன்றிய சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் போன்ற நிறுவனங்களின் துணையை நாடுவதிலும் தயக்கம் வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அரபுத்தமிழைப் படிக்கும் பயிற்சியை மத்ரஸாக்களில் ஒரு பாடமாக மீட்டெடுக்க வேண்டும். படிக்கத் தெரிந்தவர் இருக்கும்வரை ஏடு வெறும் தாளாகிவிடாது.

விடுமுறைக்கு ஜவ்வாதுமலை செல்லும் குடும்பங்கள் அருவிக்கும் மலைத்தேனுக்கும் ஒதுக்கும் நேரத்தில் ஒரு பகற்பொழுதைத் திருமலைக்கும் ஒதுக்கலாம். பிள்ளைகளுக்கு அங்குக் காட்டவேண்டியது பேருருவத்தின் உயரத்தை மட்டுமன்று. மதகமைத்த முனிவரின் பெயரையும், விளக்குக்குப் பொருள் வைத்த வணிகர் மனைவியின் பெயரையும், முன்னோன் செய்ததைச் செப்பனிட்ட அதியனின் பெயரையும் சொல்லித் தரவேண்டும். பள்ளி என்னும் சொல்லை இவர்கள் வழியாகவே நாம் பெற்றோம். சொல்லைப் பெற்றவர்கள் அதற்குரிய உழைப்பையும் பெற்றுக்கொள்வது முறை. அதற்கான ஆற்றலை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக.